திண்ணையில் தீர்கிற காரியம்

ராஜபாளையத்திலிருந்து மேற்கே அய்யனார் கோவில் பக்கம் போனால், மாந்தோப்பும் தென்னந்தோப்பும் முடிகிற இடத்தில் மலை எழும்பி நிற்கும். அந்த மலைத்தொடரின் காடுகள் 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம். காட்டுக்கும் தோப்புக்கும் நடுவே சுவரா இருக்கிறது? இருட்டினால் பன்றி இறங்கும். அதற்காகத்தான் இந்தப் பக்கத்துத் தோப்புகளில் காலங்காலமாக நாய் வளர்க்கிறார்கள். பால்வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, ஒட்டிய வயிறு, நீண்ட முகம். ஊர்ப் பெயரையே தன் பெயராகச் சுமக்கிற ராஜபாளையம் நாய். முன்பு வேட்டைக்குப் போனது. 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு காவலோடு சரி. 2005-ல் இந்திய அஞ்சல் துறை தபால்தலையில் ஏற்றிய நான்கு நாட்டு நாய் இனங்களில் இதுவும் ஒன்று.

காற்று வீசுகிற அந்தியில் தோப்பில் அசையாதது எது? மட்டை ஆடும், நிழல் ஆடும், புல் ஆடும். நாய் அத்தனைக்கும் தலை தூக்கிக்கொண்டிருந்தால் அதற்குப் பைத்தியமே பிடித்துவிடும். அது பேசாமல் படுத்திருக்கும். திடீரென்று, நம் கண்ணுக்கு எதுவும் தெரியாதபோதே, எழுந்து பாய்ந்துவிடும். மோப்பமும் காதும் அதற்கு உண்டுதான். ஆனால் இது பார்வையை நம்பி ஓடுகிற வேட்டை நாய் வகை. ஆகவே அதன் கண்ணைப் பற்றியே பேசுவோம்.

மனிதக் கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் பார்வை நரம்பில் ஏறத்தாழ 12 லட்சம் இழைகள் உண்டு. நாயின் கண்ணிலிருந்து போவது சுமார் 1 லட்சத்து 67 ஆயிரம்தான். நம்மைவிட ஏழு மடங்கு மெல்லிய கம்பியை வைத்துக்கொண்டு, மங்கிய வெளிச்சத்தில் நம்மைவிட முன்னதாக அசைவைக் கண்டுகொள்கிறது. படைத்தவன் கையில் கஞ்சத்தனமா, கணக்கா?

இதே கணக்கோடு பல பத்தாண்டுகளாக மல்லுக்கட்டுகிற இன்னொரு கூட்டம் உண்டு. கணினியின் கெர்னலை எழுதுகிறவர்கள். கெர்னல் என்பது இயங்குதளத்தின் உட்கரு. வன்பொருளையும் நாம் திறந்து பார்க்கிற செயலிகளையும் இணைத்து வைக்கிற காரியஸ்தன். நாம் ஒரு படம் பார்த்தாலும் பணம் அனுப்பினாலும் அது பாக்கெட் பாக்கெட்டாகத் துண்டுபட்டுத்தான் பயணம் செய்கிறது. ஒவ்வொரு பாக்கெட்டும் போய்ச்சேர்ந்த கணினியில் கெர்னலின் கை வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். கிருஷ்ணன்கோவிலிலும் ராஜபாளையத்திலும் இன்று பொறியியல் படிக்கிற பிள்ளைகளுக்கு இது இரண்டாம் மூன்றாம் ஆண்டுப் பாடம். பாடத்தில் இது சாதுவாகத்தான் இருக்கும். எண்ணைப் போட்டுப் பார்த்தால்தான் வயிற்றைக் கலக்கும்.

விநாடிக்கு 10 கிகாபிட் வேகமுள்ள ஒரு கம்பியில் மிகச் சிறிய பாக்கெட்டுகளாக வந்தால், விநாடிக்கு 1 கோடியே 48 லட்சத்துக்கும் மேல் வரும். ஒரு பாக்கெட்டுக்குக் கிடைப்பது 67 நானோ விநாடி. அந்த நேரத்தில் ஒளியே சுமார் 20 மீட்டர்தான் நகரும். 3 கிகாஹெர்ட்ஸ் சிபியுவுக்கு அது 200 துடிப்பு. சிபியுவுக்குப் பக்கத்திலுள்ள கேஷில் இல்லாத ஒரு தகவலை முதன்மை நினைவகத்திலிருந்து ஒருமுறை எடுத்துவரவே அந்த நேரம் முழுதும் போய்விடக்கூடும். பாக்கெட்டைத் திறந்து பார்ப்பதற்குள் அடுத்தது வந்து கதவைத் தட்டுகிறது.

பழைய முறையில், பாக்கெட் வந்ததும் நெட்வொர்க் கார்டு அதை நினைவகத்தில் வைத்துவிட்டு சிபியுவுக்கு இன்டரப்ட் கொடுக்கும், அதாவது மணி அடிக்கும். சிபியு செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவரும். கெர்னல் அந்தப் பாக்கெட்டுக்கென்று புதிதாக ஒரு பதிவேட்டை நினைவகத்தில் ஒதுக்கும். பிறகு ஐபி அடுக்கு, ஃபயர்வால் விதிகள், டிசிபி அடுக்கு, சாக்கெட் என்று ஒவ்வொரு படியாக ஏறி, கடைசியில் செயலியின் கைக்குப் போகும். பாக்கெட் குறைவாக வரும்வரை இது கண்ணியமான ஏற்பாடு.

கூட்டம் கூடினால் என்ன ஆகும் என்று 1996-ல் ஜெஃப்ரி மோகலும் கே. கே. ராமகிருஷ்ணனும் ஒரு கட்டுரையில் காட்டினார்கள். பாக்கெட் வரத்து ஒரு அளவைத் தாண்டியதும், சிபியுவின் முழு நேரமும் இன்டரப்டுக்குப் பதில் சொல்வதிலேயே கழிந்துவிடுகிறது. வந்ததை உள்ளே கொண்டுபோக நேரமே இல்லை. பாதி வழி சுமந்து வந்ததை வரிசை நிரம்பிவிட்டது என்று கீழே போட வேண்டியிருக்கிறது. இயந்திரம் கொதித்துக்கொண்டு வேலை செய்கிறது. முடிந்த வேலை பூஜ்யம். அவர்கள் சொன்ன வைத்தியங்களில் ஒன்றை அடிக்கோடிட்டு வைக்க வேண்டும். கைவிடத்தான் வேண்டும் என்றால் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், அதற்காக உழைப்பைச் செலவழிக்கும் முன்பே, கைவிட்டுவிடு.

லினக்ஸ் கெர்னல் இந்த அறிவுரையை முழுதாக ஏற்றுக்கொள்ள இருபது வருடம் ஆயிற்று. 2001-ல் ஜமால் ஹாதி சலீம், ராபர்ட் ஓல்சன், அலெக்சி குஸ்நெட்சோவ் மூவரும் நாப்பி என்ற ஏற்பாட்டை முன்வைத்தார்கள். முதல் பாக்கெட்டுக்கு மட்டும் மணி அடி; அதன்பின் மணியை நிறுத்திவிட்டு, கெர்னலே வந்து ஒரு தவணைக்கு 64 வரை அள்ளிக்கொண்டு போகும். பிறகு ஒரு கார்டுக்குப் பல வரிசைகள் வைத்து, ஒரே உரையாடலைச் சேர்ந்த பாக்கெட்டுகள் சிபியுவின் ஒரே கோருக்குப் போகும்படி பிரித்தார்கள். பிறகு அடுத்தடுத்து வருகிற சின்னப் பாக்கெட்டுகளை ஒன்றாகக் கோத்துப் பெரிதாக்கி மேலே அனுப்பினார்கள். எல்லாமே பலன் தந்தது. ஆனால் எல்லாமே உள்ளே வந்த பிறகு நடக்கிற உபசாரம்.

2016-ல், லினக்ஸ் 4.8 பதிப்பில், எக்ஸ்டிபி வந்தது. பழைய வீடுகளில் வருகிறவர் எல்லாரையும் கூடத்துக்கா அழைத்துப் போவார்கள்? முக்கால்வாசிக் காரியம் திண்ணையிலேயே முடிந்துவிடும். எக்ஸ்டிபி அந்தத் திண்ணை. பாக்கெட் கார்டிலிருந்து டிரைவரின் கைக்கு வந்த அந்த நொடியிலேயே, கெர்னல் அதற்குப் பதிவேடு திறக்கும் முன்பே, ஒரு குட்டி நிரல் அதன் தலைப்பைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிடும். கைவிடு, வந்த வழியே திருப்பு, வேறு வாசலுக்குத் தள்ளு, இல்லையென்றால் உள்ளே விடு. 2018-ல் இதை உருவாக்கியவர்கள் வெளியிட்ட அளவீட்டின்படி, ஒற்றை கோரால் விநாடிக்கு 2 கோடியே 40 லட்சம் பாக்கெட்டுகள் வரை வாசலிலேயே கைவிட முடிந்தது. பொய்ப் பாக்கெட்டுகளைக் கொட்டி ஒரு சர்வரை மூச்சுத் திணறவைக்கிற தாக்குதல்களுக்கு எதிராக இன்று பெரிய நிறுவனங்கள் இதைத்தான் காவலுக்கு வைத்திருக்கின்றன.

இதைப் படித்துவிட்டு மறுபடி அந்த நாயின் கண்ணுக்கு வந்தால் புல்லரிக்கிறது.

விழித்திரையைக் கேமராவின் ஃபிலிம் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். அது பாதி உண்மைகூட இல்லை. நம் கண்ணில் வெளிச்சத்தை வாங்குகிற செல்கள் 12 கோடிக்கு மேல். வெளியே போகிற இழைகளோ 12 லட்சம். நூற்றுக்கு ஒன்று. மீதித் தொண்ணூற்றொன்பது பங்கு எங்கே போயிற்று? வாங்கும் செல்லுக்கும் அனுப்பும் செல்லுக்கும் நடுவே, காகிதத்தைவிட அவ்வளவொன்றும் தடிமன் இல்லாத ஒரு திசுவில், பல அடுக்கு நரம்புச் செல்கள் உட்கார்ந்து கணக்குப் போடுகின்றன. பக்கத்துச் செல்லும் நானும் ஒரே அளவு வெளிச்சம் பார்க்கிறோமா? அப்படியானால் இதைச் சொல்ல வேண்டியதில்லை. போன கணத்துக்கும் இந்தக் கணத்துக்கும் மாற்றம் இல்லையா? இதையும் சொல்ல வேண்டியதில்லை. கேஃபர் ஹார்ட்லைன் 1938-ல் தவளையின் ஒற்றை நரம்பிழைகளைப் பிரித்தெடுத்து அளந்தபோது, சில இழைகள் விளக்கு ஏறும்போதும், சில அணையும்போதும், சில இரண்டின்போதும் துடித்தன. விளக்கு நிதானமாக எரிந்துகொண்டிருந்தால் அவற்றில் பல மௌனம். அவருக்கு 1967-ல் நோபல் பரிசு கிடைத்தது.

1959-ல் லெட்வின், மாத்துரானா, மெக்கலக், பிட்ஸ் நால்வரும் இன்னும் ஒரு படி போனார்கள். தவளையின் கண் மூளைக்கு அனுப்புவது காட்சியை அல்ல, முடிவுகளை என்றார்கள். சின்னதாக, கறுப்பாக, நகர்கிற ஒன்று வந்தால் அதற்கென்றே துடிக்கிற இழைகள் இருந்தன. ஈயா இல்லையா என்ற தீர்ப்பின் பெரும்பகுதி கண்ணிலேயே முடிந்துவிடுகிறது. அதே ஈ செத்து அசையாமல் சுற்றிலும் குவிந்து கிடந்தால், தவளை பட்டினியாலேயே செத்துப்போகும். வாசல்காரன் உள்ளே விடாத விருந்தாளி வீட்டுக்காரருக்கு இல்லவே இல்லை.

நாய் தவளை அல்ல. அதன் மூளைக்கு இன்னும் நிறையப் போகிறது. ஆனால் அசைவுக்கு இருக்கும் முன்னுரிமை அப்படியே இருக்கிறது. 1936-ல் 14 போலீஸ் நாய்களை வைத்து நடந்த சோதனை ஒன்றை இன்றும் கால்நடைக் கண் மருத்துவ நூல்களில் காணலாம். அசைகிற பொருளை 810 முதல் 900 மீட்டர் தொலைவில் அடையாளம் கண்ட நாய்களுக்கு, அதே பொருள் அசையாமல் நின்றபோது 585 மீட்டருக்கு மேல் தெரியவில்லை. பொருள் அதே, கண் அதே. தோப்பு எல்லையில் பன்றி நின்ற இடத்தில் நின்றால் தப்பலாம். காலெடுத்து வைத்தால் தீர்ந்தது.

முகத்தின் நீளத்துக்கும் இதில் பங்கு உண்டு என்பது இன்னும் அழகு. 2004-ல் சிட்னி பல்கலைக்கழகத்தின் பால் மெக்ரீவியும் அவருடைய குழுவினரும் பல இன நாய்களின் விழித்திரையைப் பரப்பிப் பார்த்தார்கள். சப்பை மூக்கு நாய்களில் அனுப்பும் செல்கள் நடுவில் ஒரு புள்ளியை நோக்கித் திரண்டிருந்தன. மூக்கு நீளமான நாய்களில் அவை கிடைமட்டமாக ஒரு பட்டையாக நீண்டிருந்தன. தொடுவானத்தை ஒட்டிய ஒரு கோடு. வேட்டை நாய்க்கு வேண்டிய செய்தி வானத்திலிருந்தும் வருவதில்லை, காலடியிலிருந்தும் வருவதில்லை; மண்ணும் வெளியும் சந்திக்கிற அந்தக் கோட்டில்தான் ஓடுகிறது. கையில் இருக்கும் 1 லட்சத்து 67 ஆயிரம் இழைகளில் எவ்வளவு முடியுமோ அவ்வளவையும் அங்கே கொண்டுபோய் வைத்தது யார்? ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்து வளர்ந்தவர்கள் இதற்கு யோசிக்காமல் ஒரு பதில் சொல்வார்கள். பரிணாமம் படித்தவர்கள் வேறு பதில் சொல்வார்கள். எந்தப் பதிலைச் சொன்னாலும் கை தானாகக் குவிகிறது என்பதுதான் என் அனுபவம்.

2006-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டின் கோக், விஜய் பாலசுப்பிரமணியன், பீட்டர் ஸ்டெர்லிங் முதலானோர் இதற்குப் பிட் கணக்கே போட்டார்கள். கினிப் பன்றியின் விழித்திரை விநாடிக்குச் சுமார் 8 லட்சத்து 75 ஆயிரம் பிட் அனுப்புகிறது. அந்த விகிதத்தில் மனித விழித்திரை சுமார் 1 கோடி பிட். ஈதர்நெட் இணைப்பின் அளவு என்று அவர்களே எழுதினார்கள். பழைய 10 மெகாபிட் ஈதர்நெட்தான். உலகத்தையே பார்த்து முடிக்க அது போதும் என்று ஏற்பாடு.

அந்த ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. வேகமாகத் துடிக்கிற செல்கள் சிலவும், நிதானமாகத் துடிக்கிற செல்கள் பலவுமாக விழித்திரை அமைந்திருக்கிறது. வேகமானவற்றுக்குத் தடித்த இழை வேண்டும். அதற்கு இடமும் ரத்தமும் அதிகம் செலவாகும். ஆகவே அவசரச் செய்திக்கு மட்டும் அவை. மற்றதையெல்லாம் சிக்கனமான மெல்லிய இழைகள் மெதுவாகக் கொண்டுபோகின்றன. மொத்தச் செய்தியில் பெரும்பங்கு அவற்றின் வழியாகத்தான் போகிறது. கெர்னல்காரர்கள் விரைவு வழி, சாதா வழி என்று இரண்டு வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் விரைவு வழியில் திணிக்கப் பார்ப்பவர்களோடு இன்றும் சண்டை போடுகிறார்கள்.

நாய் எழுந்து ஓடத் தொடங்கியதும் அதிசயம் கண்ணைவிட்டு உடம்பு முழுக்கப் பரவுகிறது. நான்கு கால் பாய்ச்சலில் தலை மேலும் கீழும் குலுங்கும். தலை குலுங்கினால் பார்வையும் குலுங்க வேண்டுமே? கேமராவைப் பிடித்துக்கொண்டு ஓடிப் பாருங்கள், படம் எதற்கும் உதவாது. கண்ணில் விழுந்த காட்சி கலங்கியதை மூளை கண்டுபிடித்துத் திருத்துவதென்றால் பத்தில் ஒரு பங்கு விநாடிக்குக் கிட்டத்தட்ட ஆகும். அதற்குள் இரை போய்விடும். ஆகவே அந்த வேலை மேல் மூளையின் கையில் தரப்படவேயில்லை. உட்காதிலுள்ள சமநிலை உறுப்பு தலையின் அசைவை உணர்ந்ததும், மூன்றே நரம்புச் செல்கள் கொண்ட ஒரு குறுக்கு வழி கண் தசைக்குக் கட்டளை தந்துவிடுகிறது. தலை இடப்பக்கம் திரும்பினால் கண் வலப்பக்கம். மனிதரில் இதற்கு ஆகும் நேரம் சுமார் 10 மில்லி விநாடி. வந்த பாக்கெட்டைத் திண்ணையிலிருந்தே வேறு வாசலுக்குத் திருப்புகிற அதே வேலை. இந்தக் கட்டுரையை விரலால் பிடித்துக்கொண்டு தலையை இடமும் வலமும் வேகமாக ஆட்டிப் பாருங்கள், எழுத்து நிற்கும். தலையை ஆட்டாமல் பத்திரிகையை அதே வேகத்தில் ஆட்டினால் எழுத்து கலைந்துவிடும். முதலாவதைக் குறுக்கு வழி கவனித்துக்கொள்கிறது. இரண்டாவது நீண்ட வழி போய் வர வேண்டியிருக்கிறது.

ஓடுகிற கால்களும் அப்படியே. எந்தக் கால் முன்னே, எது பின்னே என்கிற தாளத்தை முதுகுத்தண்டு தானே போட்டுக்கொள்ளும் என்று 1911-லேயே தாமஸ் கிரஹாம் பிரவுன் பூனைகளில் காட்டினார். ஓடு, நில், திரும்பு என்று சொல்வதோடு மூளையின் பாடு முடிந்தது.

இந்தக் குறுக்கு வழிகள் கண்மூடித்தனமானவையா என்றால், அங்கேதான் படைப்பின் மேதைமை. புதுக் கண்ணாடி போட்ட முதல் நாள் தரை மிதப்பது போலத் தோன்றியது நினைவிருக்கும். கண்ணாடி காட்சியைப் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ செய்வதால் பழைய அளவுக்குக் கண் திரும்பினால் போதவில்லை. இரண்டொரு நாளில் சரியாகிவிடும். சிறுமூளை ஓரமாக நின்று பிழையைக் கவனித்து, அந்த மூன்று செல் பாதையின் அளவை மட்டும் கொஞ்சம் கூட்டிக் குறைத்து வைக்கிறது. வழியில் தான் குறுக்கே நிற்பதில்லை. எக்ஸ்டிபியிலும் இதே அமைப்புதான். வாசலில் இருக்கிற நிரல் சின்னது, அவசரக்காரன். அது பார்த்துக்கொள்கிற பட்டியலை, யாரை விடலாம் யாரை விடக்கூடாது என்ற அட்டவணையை, உள்ளே நிதானமாக ஓடுகிற வேறொரு நிரல் அவ்வப்போது திருத்திவிடுகிறது. கெர்னலையே ஓரங்கட்டிவிட்டுப் பாக்கெட்டுகளை நேராகச் செயலிக்குக் கொண்டுபோகிற வேறு முறைகளும் உண்டு. வேகத்தில் அவை எக்ஸ்டிபியையும் மிஞ்சும். ஆனால் கெர்னல் தருகிற காவலும் ஒழுங்கும் அங்கே கிடையாது. அந்த கோரும் முழு நேரமும் வேறு வேலை பார்க்காமல் காத்திருக்க வேண்டும். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. உடம்பும் அதை ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை.

தோலுக்கடியில் இருக்கிற ஒரு சின்ன உறுப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அழுத்தத்தையும் அதிர்வையும் உணர்கிற பசினியன் உறுப்பு. நரம்பு நுனியைச் சுற்றி வெங்காயத்தைப் போல அடுக்கடுக்கான உறை. பெல்ட்டு கட்டிய கணத்தில் தெரிகிறது. அடுத்த நிமிடம் மறந்துவிடுகிறது. ஏன்? நிலையான அழுத்தத்தை அந்த உறைகளே வாங்கி நழுவவிட்டுவிடுகின்றன. மாற்றம் மட்டும்தான் நரம்புக்குப் போகிறது. உறையை உரித்துவிட்டுச் சோதித்தபோது நரம்பு நுனியில் எழுகிற மின்மாற்றம் நெடுநேரம் நீடித்தது என்று வெர்னர் லோவன்ஸ்டைன் 1950களிலும் 60களிலும் காட்டினார். வடிகட்டுகிற வேலையில் ஒரு பங்கை நரம்புக்குக்கூடத் தராமல் வெறும் உறையடுக்கிடம் ஒப்படைத்திருக்கிறது உடம்பு. சிபியுவுக்கு வேலை வைக்காமல் கார்டிலேயே சரிபார்ப்பை முடித்துவிடுகிற பொறியாளர்கள் இந்த உறுப்பைக் கும்பிட வேண்டும்.

ஒப்புமை எல்லா இடத்திலும் ஒட்டாது. நாப்பியைப் போல மணியை நிறுத்திவிட்டு நேரம் பார்த்து அள்ளுகிற ஏற்பாடு விழித்திரையில் இல்லை. அங்கே ஒவ்வொரு இழையும் தனக்குத் தோன்றியபோது துடிக்கிறது. வாசல்காரனை நம்புவதற்கான வழியும் வேறு. கெர்னலுக்குள் ஒரு எக்ஸ்டிபி நிரலை ஏற்றும் முன் வெரிஃபையர் அதை வரி வரியாகச் சோதிக்கும். முடிவில்லாமல் சுற்றுமா, தனக்குச் சொந்தமில்லாத நினைவகத்தில் கை வைக்குமா என்று பார்த்து, சந்தேகம் வந்தால் ஏற்றவே மறுத்துவிடும். சில விநாடிகூட ஆகாது. இயற்கைக்கு அப்படி ஒரு சோதனைக்கூடம் இல்லை. தவறான வாசல்காரனோடு பிறந்த உயிர் பசியிலோ பகையிலோ போய்விடும், அவ்வளவுதான். இன்று தோப்பில் படுத்திருக்கிற நாயின் கண்ணுக்குப் பின்னால் அப்படிப் போனவை எத்தனை கோடி என்று எண்ணினால் வியப்போடு ஒரு வருத்தமும் சேர்ந்துகொள்கிறது.

இயற்கை நடத்துகிற அந்தத் தேர்வை நாம் நடுவில் புகுந்து கலைத்ததற்கும் இதே நாய் சாட்சி. கலப்பில்லாத வெள்ளைக்கு விலை அதிகம் என்பதால் தலைமுறை தலைமுறையாக வெள்ளையை வெள்ளையோடு சேர்த்தார்கள். தோலுக்கு நிறம் தருகிற அதே வகைச் செல்கள் உட்காதிலும் இருக்க வேண்டும். அங்கே அவை இல்லாவிட்டால், ஒலியை வாங்குகிற மயிர்ச்செல்களுக்கு ஊட்டம் தருகிற திசு பிறந்த சில வாரங்களிலேயே நலிந்து, மயிர்ச்செல்களும் மடிந்துவிடும். பிறகு அந்தக் காதின் வாசல் எந்தச் செய்திக்கும் திறக்காது. இந்த இனத்தில் செவிட்டுக் குட்டிகள் பிறப்பதற்குக் காரணம் இதுதான். இரண்டு காதும் போன குட்டியைக் கைதட்டியே கண்டுபிடித்துவிடலாம். ஒரு காது மட்டும் போனதைக் கண்டுபிடிக்க, காதருகே ஒலி கொடுத்து மூளைத்தண்டில் எழுகிற மின்துடிப்பை அளக்க வேண்டும். குட்டிக்கு ஐந்தாறு வாரம் ஆனதும் அதைச் செய்யலாம். குட்டி வாங்கப் போகிறவர்கள் மூக்கின் இளஞ்சிவப்பை உற்றுப் பார்ப்பதற்கு முன்னால், தாய் தகப்பன் இரண்டுக்கும் இரண்டு காதும் கேட்கிறதா என்று கேட்க வேண்டும். கேளாத குட்டியைக் காவலுக்கு வைத்துக்கொள்ளலாம், கண் இருக்கிறது. இனவிருத்திக்கு மட்டும் விடக்கூடாது.